பன்னிரண்டு பத்தொன்பது

ஜூலை 21, 2025, திங்கள்

ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் இன்று ஓர் அறிவிப்பு. ஆளுக்கொரு விஷயம், தனக்குப் பிடித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரம் அதிலேயே கிடந்து, செப்டம்பர் 6-ஆம் தேதி மேடையில் எட்டு நிமிடம் பேச வேண்டும். மதிப்பெண் கிடையாது என்றார் அறிவியல் டீச்சர். "அப்புறம் எதுக்கு டீச்சர்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். அதற்கு டீச்சரும் சிரித்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் மூன்று எரிமலையும் இரண்டு ஊசிக்குழாய் ஜேசிபியும் பதிவாகிவிட்டன. நான் எதையும் எழுதித் தரவில்லை. ஆனால் மனதில் ஒன்று இருக்கிறது. போன சித்திரையில் அம்மா மாடியில் வடகம் பிழிந்தபோது காக்காய் விரட்ட என்னை உட்கார வைத்தார். உச்சி வெயில். தண்ணீர்த் தொட்டிக் கம்பியின் நிழலில் காலை வைக்கலாம் என்று பார்த்தால், கம்பிக்கு நிழலே இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

அதற்குப் பெயர் நிழலில்லா நாள். டீச்சர் சொல்லித் தந்தார். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கிற ஊர்களுக்கு வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். சென்னைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். மதுரைக்கு ஏப்ரல் நடுவில் ஒரு தரம், ஆகஸ்ட் 27 வாக்கில் ஒரு தரம். டெல்லிக்கு வரவே வராது. (இதைக் கேட்டதும் எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம்.)

நிழல் இல்லாததை எட்டு நிமிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டேன். அப்போதுதான் எரட்டோஸ்தனிஸ் கதை வந்தது. இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் நூலகம் பார்த்துக்கொண்டவர். தெற்கே சையீன் என்ற ஊரில் ஒரு குறிப்பிட்ட நாள் உச்சிப்பொழுதில் நிழல் விழாது. அதே நாள் அலெக்சாண்டிரியாவில் விழும். அந்த நிழலின் கோணம் ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் மொத்தப் பூமியின் சுற்றளவு. தூரம் 5,000 ஸ்டேடியா (அந்தக் காலத்துத் தூர அளவு), விடை 2,50,000 ஸ்டேடியா. அவ்வளவுதான்.

மதுரை எனக்கு சையீன். அலெக்சாண்டிரியாவுக்குச் சென்னையில் பெரம்பூர் அக்கா இருக்கிறாள், பெரியப்பா மகள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

தாத்தா நாற்பது வருடம் கொத்தனார். "கம்பு நட்டு நிழல் அளக்கணும் தாத்தா" என்றதும், "கம்பு கோணும் தாயி" என்று எழுந்து போய் அரை இஞ்ச் பிவிசி குழாயை ஆக்சா பிளேடால் சரியாக 100 சென்டிமீட்டருக்கு அறுத்து வந்தார். சாந்து குழைத்து, பழைய பெயிண்ட் டப்பாவில் குழாயை நட்டார். தூக்குக்குண்டை நான்கு பக்கமும் தொங்கவிட்டு, தரையில் ரசமட்டம் வைத்து, டப்பாவுக்கு அடியில் தீக்குச்சி செருகி, முக்கால் மணி நேரம். அம்மா மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார்.

இன்று நிழல் மிகக் குட்டையாக இருந்தது 12:24-க்கு. நீளம் 13 சென்டிமீட்டர். ஆனால் விழுந்தது தெற்குப் பக்கம்! சூரியன் நமக்குத் தெற்கே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அது நமக்கு வடக்கே இருக்கிறது. தாத்தாவுக்கு ஆச்சரியமே இல்லை. "ஆடியில வடக்குச் சுவத்துல வெயில் அடிக்கும்ல" என்றார். பதினான்கு வருடம் அதே வீட்டில் இருந்தும் நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தமிழ் ஐயா நடைபாதையில் நிறுத்தி, "நீதான் நிழல் அளக்கிற பிள்ளையா?" என்றார். நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனைக்கு மனை வகுக்கிற இடத்தைப் புத்தகத்தில் காட்டினார். இரண்டு கோல்களை நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத அரைநாள் பொழுதில் திசை பார்த்து, நூல் அறிந்தவர்கள் கயிறு போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். "அவங்களும் கயிறுதான் போட்டாங்களா" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நிழல் 6 சென்டிமீட்டர். உச்சி 12:22. நாளுக்கு நாள் தேய்கிறது.

உச்சி ஏன் பன்னிரண்டுக்கு வரவில்லை என்று அப்பா கேட்டார். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. மதுரை இருப்பது 78.1-இல். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் சூரியன் நமக்குப் பதினேழரை நிமிடம் தாமதம். மிச்ச நிமிடங்கள் பூமி சுற்றுகிற விதத்தால் வருபவை, அவை தேதிக்குத் தேதி மாறும். அப்பாவுக்கு முதல் பாதி பிடித்தது.

தொல்லை ஒன்று: நிழலின் நுனி கலங்கலாக இருக்கிறது. சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் உயரத்துக்கு 9 மில்லிமீட்டர் வரை கலங்கும் என்று டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினார். கலங்கலின் நடுவில் பென்சில் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அக்காவுக்கும் அதையே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தாத்தா வீடியோ காலில் அக்காவின் குழாயை நேராக்கினார். அங்கே தூக்குக்குண்டு இல்லை. நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட வைத்தார். "இடது பக்கம் சாயுது பாரு." "இல்லையே தாத்தா." "சாயுது." சாய்ந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன், விநாயகர் சதுர்த்தி

லீவு நாளாக வந்தது பிள்ளையார் புண்ணியம். இல்லையென்றால் அக்கா கல்லூரியில் இருப்பாள், நான் கணக்கு வகுப்பில் இருப்பேன்.

பதினொன்றரைக்கே மாடிக்குப் போய்விட்டேன். குழாய், டப்பா, தாத்தாவின் ஸ்டூல், ஒரு தட்டுக் கொழுக்கட்டை. மேல்வீட்டு ஆச்சி, எதிர்வீட்டுப் பொடியன்கள் நால்வர் என்று கூட்டமும் சேர்ந்துவிட்டது. 12:10-க்கு ஒரு பெரிய மேகம். எனக்கு வயிறு கலங்கியது. பொடியன்களில் ஒருவன் மேகத்தை ஊதினான்.

12:11-க்கு அக்கா போன்: "ஏய், இங்க இதுதான் குட்டையா இருக்கு, அஞ்சரை சென்டிமீட்டர். குறிச்சிட்டேன்." நான் சொன்னேன், "குறிச்சுக்க, ஆனா போனை வைக்காத. எனக்கு நிழல் போற அதே நிமிஷம் சொல்றேன், அப்ப அளந்தாத்தான் சரி." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்று மனதில் பதிந்திருந்தது.

12:17-க்கு மேகம் விலகியது. குழாயின் அடியில் மெல்லிய ஒரு கோடு. 12:19-க்கு அதுவும் இல்லை. தாத்தா பக்கத்தில் நிறுத்தி வைத்த பித்தளைச் செம்பு நிழலைத் தனக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. "இப்ப!" என்று கத்தினேன். ஆச்சி பயந்துவிட்டார். அங்கே அக்கா: "ஆறரை!"

ஆகஸ்ட் 28, வியாழன்

கணக்கு. 100 சென்டிமீட்டர் குழாய், 6.5 நிழல். கோணம் 3.72 டிகிரி. தூரம் எவ்வளவு? அப்பா உடனே, "பஸ்ல 460" என்றார். 360-ஐக் கோணத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால் 44,500 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. உண்மையான சுற்றளவு 40,000-க்குச் சற்று மேலே. பூமி வீங்கிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. பஸ் திருச்சி, விழுப்புரம் என்று வளைந்து போகிறது, வெளிச்சம் வளையாது. போனில் மேப்பைத் திறந்து எங்கள் மாடிக்கும் அக்கா மாடிக்கும் நேர்கோடு இழுத்தேன். 421 கிலோமீட்டர். திரும்பப் போட்டேன். 40,753!

அக்கா ஒரு மில்லிமீட்டர் கூட்டி அளந்திருந்தால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். 40,137. மாடியில் ஒரு மில்லிமீட்டர் என்பது பூமியில் அறுநூறு கிலோமீட்டர். பென்சில் முனையின் தடிமனை நினைத்தால் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன், பதினொன்றரை நிமிடம். நெடுநல்வாடையை எடுத்தால் எட்டு வரும். எடுக்க மனமில்லை. எரட்டோஸ்தனிஸின் நூலகத்தைச் சுருக்கினேன், பாவம்.

செப்டம்பர் 6, சனி

எனக்கு முன்னால் பேசியவன் தன் வீட்டுக் கிடாயைப் பற்றிப் பேசினான். அதற்கு என்ன தீனி, கொம்பை எப்படிப் பார்க்க வேண்டும், எது வம்புக்கு இழுக்கிற பார்வை என்றெல்லாம். அரங்கமே அவன் கையில். அவனுக்குப் பிறகு நான் என் டப்பாவோடு ஏறினேன்.

நன்றாகத்தான் போனது. சார்ட்டில் இரண்டு கோடும் ஒரு வட்டமும் வரைந்து கோணத்தைக் காட்டினேன். மேகத்தை ஊதிய பொடியனைச் சொன்னபோது சிரித்தார்கள். 40,753 என்று எழுதியபோது கை தட்டினார்கள். முதல் வரிசையில் தாத்தா வெள்ளைச் சட்டையில்.

பிறகு கேள்வி நேரம். நடுவராக வந்தவர் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். அன்பாகத்தான் கேட்டார்: "பெரம்பூர் மதுரைக்கு நேர் வடக்கிலயா இருக்கு?"

"இல்ல சார். கிழக்கால தள்ளி இருக்கு."

"ரெண்டு ஊர்லயும் அவங்கவங்க உச்சியில அளந்து, வடக்கு தெற்கா எவ்வளவு தூரம்னு பாக்கணும். நீங்க குறுக்கால 421 எடுத்திருக்கீங்களே. அப்புறம் எப்படி சரியா வந்தது?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. மைக் மட்டும் லேசாக இரைந்தது. "தெரியல சார்" என்றேன். "பரவாயில்லை, யோசிச்சுப் பாருங்க" என்று உட்கார்ந்துவிட்டார். மேடையில் அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் கண் கரித்தது. அக்கா தப்பாக அளக்கவில்லை, நான்தான் அவளைத் தப்பான நேரத்தில் அளக்க வைத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்ப ஓடியது. தாத்தா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் மேப்பை மறுபடி திறந்தேன். மதுரையிலிருந்து நேர் வடக்கே, பெரம்பூரின் அட்சரேகை வரை 352 கிலோமீட்டர். அதை 6.5-உடன் போட்டேன். 34,074. பூமி இப்போது சூம்பிவிட்டது. சார் சொன்னபடிதானே செய்தேன்?

இல்லை, பாதிதான் செய்திருந்தேன். அவரவர் உச்சி என்றாரே. பெரம்பூரின் உச்சி 12:11, அக்கா "குறிச்சிட்டேன்" என்று சொன்ன ஐந்தரை. நோட்டின் மூலையில் கிடந்தது அது. 5.5-க்குக் கோணம் 3.15 டிகிரி, தூரம் 352. விடை 40,253.

அப்படியானால் இரண்டும் சரியாக வருகிறது. 12:11 நிழலுக்கு வடக்கு-தெற்குத் தூரம். 12:19 நிழலுக்குக் குறுக்குத் தூரம். மாற்றிப் போட்டால்தான் கெடுகிறது.

ஏன் என்று தெரிய மத்தியானம் ஆனது. எதிர்வீட்டுப் பொடியனின் ரப்பர் பந்தை வாங்கி, மதுரை என்று ஓர் ஊசியைக் குத்தி, ஜன்னல் வெயிலில் அதற்கு நிழல் விழாதபடி பிடித்தேன். பிறகு கொஞ்சம் தள்ளி இன்னோர் ஊசி. அதன் நிழல் முதல் ஊசிக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. இரண்டாவது ஊசியை எந்தப் பக்கம் மாற்றிக் குத்தினாலும் அப்படியேதான். மதுரைக்கு நேர் மேலே சூரியன் நிற்கிற அந்த நிமிடத்தில் வடக்கு தெற்கு என்பதற்கெல்லாம் வேலையில்லை. எந்த ஊரின் நிழலும், அந்த ஊர் மதுரையிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறதோ அதைத்தான் காட்டும். நேர்த்தூரம்தான் அதற்குக் கணக்கு. ஆக, காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறேன். நேற்று மேடையில் இது வந்திருந்தால்!

பந்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஊசித் துளைகளை இன்னும் அவன் பார்க்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

இடைவேளையில் டீச்சரிடம் சொன்னேன். இரண்டு தரம் கேட்டுவிட்டு, "எழுதிக் குடு, சாருக்கு அனுப்புறேன்" என்றார். காலாண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். பந்து படம் சுமாராக வந்திருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

சாரிடமிருந்து பதில். பாராட்டு ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு கேள்வி: 12:19-க்குப் பெரம்பூரில் நிழல் எந்தப் பக்கம் பார்த்து விழுந்தது?

இதை நான் யோசிக்கவே இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். தரையில் சார்ட் பேப்பர் விரித்து அதன்மேல்தான் குறித்தாளாம். தூக்கிப் போடவில்லை, பெரியப்பா நாளைக்கு மதுரை வருகிறார், கொடுத்து விடுகிறேன் என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெரியப்பா பேப்பரைச் சுருட்டி முறுக்கு டப்பாவுக்குள் கொண்டுவந்தார். எண்ணெய்க் கறையோடு இரண்டு பென்சில் கோடுகள். 12:11-இன் கோடு உச்சிக் கோடு, அதுதான் வடக்கு. 12:19-இன் கோடு அதிலிருந்து கிழக்கே விலகி நிற்கிறது. தாத்தா பேப்பரின் நான்கு மூலையிலும் செம்பு, ரசமட்டம், தூக்குக்குண்டு, தன் கண்ணாடிக் கூடு என்று வைத்து மட்டமாக்கினார். நான் பாகைமானியை வைத்தேன். 34 டிகிரி.

மேப்பில் மதுரையிலிருந்து பெரம்பூருக்குப் போகிற நேர்கோடு வடக்கிலிருந்து கிழக்கே 33.

போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பிவிட்டேன். எண்ணெய்க் கறை தெரியாமல் எடுக்க முடியவில்லை.