போட்டியின்றித் தேர்வு

பழைய தேர்தல் முடிவுகளைப் புரட்டுவது எனக்கு ஒரு கிறுக்கு. தூக்கம் வராத இரவில் சிலர் பாட்டு கேட்பார்கள், நான் யார் எத்தனை ஓட்டில் ஜெயித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் போன வாரம் அயர்லாந்தில் கிழக்கு கிளேர் தொகுதியில் போய் மாட்டினேன். ஷானன் ஆற்றுப் பக்கம், டெர்க் ஏரிக்கரை, மேய்ச்சல் நிலம், டல்லா, ஸ்கரிஃப் என்று சின்னச் சின்ன ஊர்கள். 1885-ல் பிறந்து 1922-ல் கலைக்கப்பட்ட தொகுதி. அயர்லாந்து பிரிட்டன் ஆட்சியில் இருந்த காலம் என்பதால், அங்கிருந்து லண்டன் நாடாளுமன்றத்துக்கு மொத்தம் மூன்றே பேர்தான் தேர்வானார்கள்: ஜோசப் காக்ஸ், வில்லி ரெட்மண்ட், எய்மன் டி வலேரா.

பட்டியலைப் பார்த்தால் முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். 1892-ல் மட்டும் கொஞ்சம் சூடு: தலைவர் பார்னெலுக்கு மணமான ஒரு பெண்ணோடு இருந்த உறவு வெளியே வந்து, தன்னாட்சி கேட்ட ஐரிஷ் கட்சி இரண்டாக உடைந்திருந்த நேரம், பார்னெல் பக்கம் நின்ற ரெட்மண்ட், எதிரணியில் இருந்த காக்ஸைத் தோற்கடித்தார். 1895-லும் போட்டி. அதோடு சரி. 1900, 1906, 1910-ல் இரண்டு தடவை என்று வரிசையாக ரெட்மண்ட், போட்டியின்றித் தேர்வு. அந்த வார்த்தையைப் படித்ததும், தொகுதி இவரிடம் முழுத் திருப்தியோடு இருந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன், 1917 வரிக்கு வரும் வரை.

ரெட்மண்ட் மோசமான ஆளும் இல்லை. கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்டின் தம்பி, நல்ல பேச்சாளர். முதல் உலகப் போர் வந்தபோது, நாம் பிரிட்டனோடு நின்றால் நமக்குத் தன்னாட்சி தருவார்கள் என்று நம்பி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு படையில் சேர்ந்தார். 1917 ஜூன் 7, பெல்ஜியத்தில் நடந்த மெசீன் சண்டையில் இறந்துபோனார். காயம்பட்டு விழுந்தவரைத் தூக்கிச் சென்றவர்கள் வட அயர்லாந்துப் பக்கத்து அல்ஸ்டர் படைப்பிரிவு வீரர்கள், அதாவது ஊரில் அவருடைய அரசியலுக்கு நேர் எதிரிகளாக இருந்தவர்கள். பெல்ஜியத்தில் லோக்கர் என்ற ஊரில் அவர் கல்லறை இன்றைக்கும் இருக்கிறது, ராணுவ மயானத்துக்கு வெளியே, தனியாக.

காலியான இடத்துக்கு ஜூலை 10-ல் இடைத்தேர்தல். பிரிட்டனிடமிருந்து முழு விடுதலை கேட்ட சின் ஃபெயின் கட்சி நிறுத்திய டி வலேரா ஜூன் நடுவில்தான் ஜெயிலிலிருந்து வெளியே வந்திருந்தார். பிரிட்டனுக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டுத் தப்பித்த கணக்கு வாத்தியார். நியூயார்க்கில் பிறந்து பக்கத்து லிமரிக் மாவட்டத்தில் வளர்ந்தவர், தேர்தல் மேடை அவருக்குப் புதிது. எதிரே பேட்ரிக் லிஞ்ச், உள்ளூர்க்காரர், பெரிய வழக்கறிஞர், மறைந்த உறுப்பினரின் கட்சி. பழைய பட்டியலை வைத்து யாராவது கணித்திருந்தால் லிஞ்ச் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

டி வலேரா 5,010. லிஞ்ச் 2,035.

அதே வருஷம் மே மாதம் தெற்கு லாங்ஃபோர்டில் சின் ஃபெயின் வெறும் 37 ஓட்டில் தப்பிப் பிழைத்திருந்தது. இங்கே பத்தில் ஏழு ஓட்டு. எனிஸ் நகர நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டம் கூத்தாட, எழுச்சியில் இறங்கிய ஐரிஷ் தொண்டர் படையின் சீருடையில் நின்று பேசினார் புது உறுப்பினர், லண்டன் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டவர். எழுச்சித் தலைவர்களைச் சுட்டுக் கொன்ற கோபம், கட்டாய ராணுவச் சேர்ப்பு வந்துவிடுமோ என்ற பயம், சட்டமாகியும் போரைக் காட்டித் தள்ளிப்போட்ட தன்னாட்சி, எல்லாம் சேர்ந்து விழுந்த ஓட்டு அது. இந்த மனநிலை ஒரே மாதத்தில் முளைத்திருக்காது. 1910-க்குப் பிறகு பொதுத்தேர்தலே நடக்காததால் எந்தப் பட்டியலிலும் அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

கிளேர்க்காரர்களுக்கு இந்த மாதிரி வேலை பழக்கம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1828-ல் (அப்போது முழு மாவட்டமும் ஒரே தொகுதி) ஒரு இடைத்தேர்தலில் டேனியல் ஓ'கானல் 2,057-க்கு 982 என்று அமைச்சர் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டைக் கவிழ்த்தார். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாத காலம். ரகசிய ஓட்டும் கிடையாது, குத்தகை விவசாயி நிலச்சுவான்தார் காது கேட்க வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். அப்படியும் பாதிரியார்கள் பின்னால் அணிவகுத்து எனிஸுக்கு வந்து, தேர்தல் முடியும்வரை விஸ்கி தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டு ஓ'கானலுக்குப் போட்டார்கள். மறு வருஷம் கத்தோலிக்கருக்குக் கதவு திறந்தது. கூடவே, நாற்பது ஷில்லிங் (இரண்டு பவுண்டு) நிலத்துக்கு இருந்த ஓட்டுரிமையைப் பத்து பவுண்டாக ஏற்றி, அந்தச் சத்தியம் பண்ணிய ஏழைகளின் ஓட்டையே பறித்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்ப எரிச்சல் வந்த இடம் இதுதான்.

சரி, 1917-க்கு அப்புறம்? 1918 பொதுத்தேர்தலில் டி வலேரா, போட்டியின்றித் தேர்வு! அப்போது அவர் இங்கிலாந்தில் லிங்கன் ஜெயிலில் வேறு இருந்தார். ரெட்மண்டுக்கு எழுதிய அதே இரண்டு வார்த்தைதான், பின்னால் இருந்த அரசியல் மட்டும் தலைகீழ். 1921-ல் அயர்லாந்தின் சொந்த நாடாளுமன்றத்துக்கான தேர்தலில் முழு கிளேரும் நாலு பேர் தொகுதியானது, அதிலும் போட்டியில்லை. 1923-ல்தான் மறுபடி ஓட்டு எண்ணினார்கள், அதுவும் எனிஸில் மேடையில் பேசிக்கொண்டிருந்த டி வலேராவை, உள்நாட்டுப் போரில் அவர் எதிர்த்த புது ஐரிஷ் அரசின் ராணுவம் கைது செய்து கொண்டுபோன பிறகு. 17,762 ஓட்டு வாங்கினார். எதிரணியின் முக்கிய வேட்பாளர் ஓவன் மக்நீல், 1916 எழுச்சியைத் தடுக்கப் பார்த்த தொண்டர் படைத் தலைவர், 1917-ல் கூட்டாளிகள் முறைத்தும் கேட்காமல் டி வலேரா தன் பிரசாரத்துக்கு அழைத்து வந்த அதே ஆள்! 1959-ல் ஜனாதிபதியாகும் வரை டி வலேரா கிளேரை விடவேயில்லை.

தோற்ற லிஞ்ச் என்ன ஆனார் என்று தேடினேன். கடைசியில் டி வலேராவின் கட்சிக்கே வந்துவிட்டார். 1936-ல் டி வலேரா அரசு அவரை நாட்டின் அட்டர்னி ஜெனரலாக நியமித்தது.