நாயோடு மாமல்லபுரம்: ஒரு ராத்திரி தங்கிவர

சென்னையிலிருந்து நாயைக் கூட்டிக்கொண்டு முதல்முறை கடலோர ஊருக்குப் போகிறவர்களுக்கு மாமல்லபுரம்தான் சரி. திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) சுமார் 50 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் போதும். காரில் நெடுந்தூரம் போய்ப் பழகாத நாய்க்கு அதுவே அதிகம். புதுச்சேரி அதற்கும் நூறு கிலோமீட்டர் அப்பால். அங்கே ஊருக்குள் இருக்கும் கடற்கரைச் சாலையோரம் பெரும்பாலும் கருங்கல்தான், நாய் ஓட மணல் வேண்டுமே.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். ஞாயிறு வேண்டாம், காணும் பொங்கல் வேண்டவே வேண்டாம். மாசி மகத்தன்று இருளர்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் தங்கி வழிபடுவார்கள். அது அவர்களுடைய நாள், நாயோடு அங்கே போய் நிற்பது முறையல்ல. செவ்வாய், புதன் என்றால் மணல் காலியாகக் கிடக்கும்.

அறை போடும்போது ‘நாய்க்கு அனுமதி உண்டா’ என்று மட்டும் கேட்டால் போதாது. அறைக்குள் படுக்கலாமா, வெளியே கட்டச் சொல்வார்களா, எடைக் கட்டுப்பாடு உண்டா, தனிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தரைத்தள அறை நல்லது. ஒத்தவாடைத் தெருப் பக்கம் தங்கினால் கடலுக்கு நடந்தே போகலாம், ஆனால் தெருநாய்களும் அங்கே அதிகம். அவற்றுக்கு ஒவ்வொரு முடுக்கும் சொந்த எல்லை. ஒன்றரை மீட்டர் கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்து, ஓடாமல், எதிர்ப்பக்கமாக வளைந்து போய்விடுங்கள். பட்டனை அமுக்கினால் நீளும் கயிறு இங்கே உதவாது, சண்டையில் காலைச் சுற்றிக்கொள்ளும்.

கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். ஹார்னஸை (மார்புப் பட்டையை) சீட் பெல்ட்டோடு மாட்டிப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். ரேபீஸ் ஊசி பதிந்த தடுப்பூசிப் புத்தகம் கையில் இருக்கட்டும், விடுதியில் கேட்பார்கள். இருபது கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர் வேண்டும். கடற்கரையில் அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலைவிட மணலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மீனவர்கள் வலையை உதறும் இடத்தில் விற்காத மீன்கள் கிடக்கும். அதில் பேத்தை மீனை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: தடித்த உடம்பு, பல் துருத்திய சின்ன வாய், வயிறு ஊதிக் காய்ந்து உருண்டையாகக் கிடக்கும். ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் விஷம், காய்ந்தாலும் போகாது. தின்ற நாய்க்கு எச்சில் ஒழுகும், வாந்தி வரும், பின்கால் தளரும், கடைசியில் மூச்சே நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. மூச்சுக்கு உதவி கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்கவாட்டு முள்ளும் காய்ந்தபிறகும் பாதத்தில் ஏறும். தூண்டில் நரம்பு வாயிலிருந்து தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே கொக்கி மாட்டியிருக்கலாம். வண்டிக்கடைப் பக்கம் வேறு ஆபத்து: கடித்துப் போட்ட மக்காச்சோளக் கட்டை. மசாலா வாசனைக்கு நாய் முழுசாக விழுங்கும், குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். கண்டதையும் எடுத்துத் தின்னும் நாய் என்றால் பாஸ்கெட் மசில் (கூடை மாதிரி வாய்மூடி) போடுவதில் கூச்சமே வேண்டாம்.

வெயில் கணக்கு சுலபம். விடிந்ததும் போய் எட்டரைக்குள் திரும்புங்கள், பிறகு மாலை ஐந்துக்கு மேல். புறங்கையை மணலில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாய்க்கும் முடியாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அதனால் இரைத்தாலும் நாயின் உடம்புச் சூடு சீக்கிரம் தணியாது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இன்னும் மோசம். நாக்கு கருஞ்சிவப்பாகி நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூட்டை அது உள்ளேயே அடைக்கும். தணியத் தொடங்கியதும் மருத்துவரிடம்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் காட்டுங்கள். தாகத்தோடு விளையாடும் நாய் கடல்நீரைக் குடிக்கும். பேதியோடு போனால் சரி, நடுக்கமோ தள்ளாட்டமோ வந்தால் உப்பு மூளையைத் தொட்டுவிட்டது. ஈரப் பந்தில் ஒட்டும் மணலும் வயிற்றில் சேர்ந்து அடைக்கும், அதனால் பந்து விளையாட்டு கொஞ்சமாக இருக்கட்டும். கடற்கரைக் கோயிலை ஒட்டிய பகுதியில் இழுப்பு பலம். முழங்கால் ஆழத்துக்குமேல் நீங்களும் போக வேண்டாம், நாயும் வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். மணலில் டிராக்டர் டயர் தடம் மாதிரி கோடு கடலிலிருந்து ஏறி வந்திருந்தால் அந்தப் பக்கமே நாயை விடாதீர்கள். மோப்பம் பிடித்தால் தோண்டாமல் இருக்காது. இந்த மாதங்களில் இருட்டியபின் நாயோடு கடற்கரைக்குப் போகவே கூடாது என்பேன்.

தொல்லியல் துறையின் வளாகங்களுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துவிட்டு வாருங்கள், காருக்குள் பூட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே தெரியும், அதை நாயோடு நின்று பார்க்கலாம். சிற்பக்கூடங்கள் இருக்கும் சாலையில் உளித்தெறிப்புச் சில்லுகள் கிடக்கும். தாண்டியதும் நான்கு பாதங்களையும் விரித்துப் பாருங்கள்.

அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பை நக்க விடாதீர்கள். தொங்கு காதுகளை உள்வரை ஈரமில்லாமல் துடையுங்கள். அவசரத்துக்கு உள்ளூர் கால்நடை மருத்துவரின் எண்ணைப் போகும் முன்பே வாங்கி வையுங்கள். பெரிய சிகிச்சை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வர வேண்டியிருக்கும்.

உண்ணிக்கான சொட்டு மருந்தைப் பயணத்துக்கு மூன்று நாள் முன்பே போடுங்கள். குளிப்பாட்டிய கையோடு போட்டால் தோலில் எண்ணெய்ப்பசை இல்லாமல் மருந்து பரவாது. ஊர் திரும்பியதும் காது மடல், கக்கம், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்தில் காய்ச்சலோ, சாப்பாட்டில் வெறுப்போ, ஈறு வெளுப்போ தெரிந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ஆரம்பத்திலேயே டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலும் தேறிவிடும். அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும்.