சத்தியக்கடதாசி மாதிரி வந்த நாட்குறிப்பு

மனநல கிளினிக்குக்குப் போன முதல் நாளே திரும்பி வந்திருக்க வேண்டியவள் நான். ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவர், வரிசை நிறைய ஆட்கள் நிற்க, "நித்திரை வரேல்லையோ, இல்லாட்டி மனசு சரியில்லையோ?" என்று உரத்துக் கேட்டார். எனக்குப் பின்னால் நின்றவர் எங்கள் ஊர். பின்னேரத்துக்குள் புதுக்குடியிருப்புச் சந்தை வரைக்கும் கதை போய்விட்டது. போகிறவர்கள் துண்டு எடுக்கும்போது பிரிவின் பெயரை மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை உள்ளே சொல்லலாம்.

இரண்டாம் தடவை, உளவளத்துணையாளர் பயிற்சிக்குப் போய்விட்டாராம். ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். கிளினிக் நாளைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாம் தடவை அந்த உளவளத்துணை அக்காவைக் கண்டேன். கொப்பியில் எழுதிப் பாருங்கள் என்றார். நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், ஒருவருக்கும் காட்ட வேண்டாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை இப்படி எழுதவைத்து, 1986 இல் அந்த ஆய்வை வெளியிட்டாராம்.

இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். போர் முடிவில் காணாமல் போன தம்பியைப் பற்றி நான் எழுதிக்கொடுக்காத இடமா? இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமில் தொடங்கியது. சத்தியம் செய்து கொடுக்கிற சத்தியக்கடதாசி, படிவம், ஆணைக்குழுவுக்குக் கடிதம், அதற்கு ஜே.பி. (சமாதான நீதவான்) கையெழுத்து. முதல் நாள் எழுதினதை வாசித்தால், "மேற்படி நபர் 2009.05.18 அன்று வட்டுவாகலில் வைத்துக் கடைசியாகக் காணப்பட்டார். வயது 16. நீல நிறச் சாரம்" என்று இருக்கிறது. கூடப் பிறந்தவனை மேற்படி நபர் என்று எழுதி வைத்திருக்கிறேன்! கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இரண்டாம் நாளும் இதே கதைதான்.

மூன்றாம் நாள் எப்படியோ பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், நடந்தது வந்தது. கடைசியாக மிஞ்சின பால்மாவை அவன் ஒளித்துத் தின்றான் என்று நான் அடித்த அடி. அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. 15 நிமிடம் ஒரு மணித்தியாலமாயிற்று. இரவு பத்து மணிக்குப் பிறகு தொடங்கியது என் பிழை. விடியும் வரை நித்திரை இல்லை. அடுத்த நாள் வேலைக்கும் போகவில்லை, கொப்பியையும் தொடவில்லை.

எழுதின உடனே மனம் லேசாகாது, பாரமாகும். பலருக்குச் சில மணித்தியாலத்தில் இறங்கிவிடுமாம், எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அடுத்த கிளினிக்கில் அக்காவிடம் சொன்னபோது, "தாங்கேலாது எண்டால் பேனையை வைச்சிட வேணும், இல்லாட்டி வேற விசயத்தை எழுத வேணும்" என்றார். முதலே சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன். சொன்னவவாம், எனக்குத்தான் காதில் ஏறவில்லையாம். இருக்கலாம்.

இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான், ஃபோனில் அலாரம் வைத்து எழுதுகிறேன். மே மாதத்தில் இதைத் தொடங்க வேண்டாம். கிளினிக் மாத்திரையையும் நான் விடவில்லை. நடுச்சாமத்தில் ஒருவரும் இல்லாவிட்டால் 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கொப்பியை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நான் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். சமைக்கிறவர் அம்மா என்பது அப்போது மூளைக்கு எட்டவில்லை.

வாசித்துவிட்டார். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தேங்காய் திருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவன் களவெடுக்கேல்லை. பசியெண்டு அழுதான், நான்தான் குடுத்தனான். நீ அடிக்கேக்க சொல்லப் பயந்திட்டன்."

அன்றைக்கு நான் எழுதவில்லை. கொப்பியையும் பேனையையும் அம்மாவிடம் கொடுத்தேன். கண் தெரியவில்லை, நான் சொல்லச் சொல்ல நீ எழுது என்றார்.