மூன்றரைக் கிலோ பை

மதுரையில் இருந்தவரை நான் ஓட்டக்காரன். காலை ஐந்தரைக்கு ரேஸ்கோர்ஸ் பக்கம் நாலு சுற்று, ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் ரோட்டில் நீண்ட ஓட்டம், கணக்குக்கு மூன்று அரை மாரத்தான். அந்தத் தெம்பில்தான் ஓஸ்லோ வந்த முதல் குளிர்காலத்திலேயே, "ஸ்கீதானே, மூச்சு இருக்கிறது, கால் இருக்கிறது, வேறென்ன வேண்டும்" என்று அலுவலகத்தில் வாயை விட்டேன். முதல் பிழை உச்சரிப்பிலேயே. இங்கே அதை 'ஷீ' என்பார்கள். இரண்டாவது பிழை, பனியில் வழுக்கிப் போகக் காலில் மாட்டும் அந்த நீளக் கட்டைகளில் பழைய ஜோடி ஒன்றை மறுநாளே 500 குரோனருக்கு யாரோ ஒருவரிடம் வாங்கி வந்தது.

நாங்கள் குடியிருந்தது ஸ்டோவ்னரில். அங்கிருந்து ஐந்தாம் எண் மெட்ரோவில் ஏறினால் ஊரைச் சுற்றிக்கொண்டு சொங்ஸ்வான் ஏரியில் கொண்டுபோய் விடும். பெட்டி முழுக்க ஸ்கீயைக் கையில் பிடித்தபடி நிற்பார்கள், ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதே ஆட்கள் காட்டுக்குள் எதிரே வந்தால் "ஹெய்" என்று பல் தெரியச் சிரிப்பார்கள். இது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

தட்டையான இடத்தில் எப்படியோ சமாளித்தேன். சின்ன மேடு வந்தால் போதும், முன்னே வைத்த கால் பின்னே வழுக்கும். இரண்டடி ஏறினால் மூன்றடி சறுக்கல். கோல்கூட இல்லாத நாலு வயதுப் பிள்ளைகள் என்னைத் தாண்டி ஏறிப் போனார்கள். ஒரு குட்டிப் பெண் நின்று, நான் விழுந்த இடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் ஏதோ கேட்டது. நல்ல வேளை, அப்போது எனக்கு நார்வேஜிய மொழி தெரியாது. இரண்டு மாதம் இப்படி. பனியையே பார்க்காத பரம்பரை, உடம்புக்கு இது ஒத்துவராது என்று நானே ஒரு தத்துவமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அதை உடைத்தவர் மேல்மாடி அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர். வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் சில வருடம் இருந்துவிட்டு ஓஸ்லோவுக்கு இறங்கி வந்தவர். என் ஸ்கீயை வரவேற்பறைத் தரையில் போட்டு என்னை மேலே ஏறி நிற்கச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கட்டைக்கு அடியில், சரியாகப் பாதம் இருக்கும் இடத்தில் நுழைத்தார். தாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சும்மா ஓடியது. "இப்ப ஒற்றைக் காலில நில்லும்." நின்றேன். அப்போதும் தாள் சும்மாவே ஓடியது. நிமிர்ந்து பார்த்து, "தம்பி, இது உம்மட கட்டை இல்லை. தொண்ணூறு கிலோ ஆளுக்குச் செய்தது" என்றார்.

விஷயம் இதுதான். ஸ்கீ நேரான பலகை இல்லை, லேசாக வில் மாதிரி வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது நடுப்பகுதி பனியைத் தொடாது, அதனால் வழுக்கிக்கொண்டு போகலாம். முழு எடையையும் ஒரு காலில் போட்டு அழுத்தினால் அந்த வில் தட்டையாகி, நடுவில் தடவியிருக்கும் மெழுகு பனியைக் கவ்வும். அந்தப் பிடிப்பில்தான் உந்தி மேலேறுவது. 62 கிலோ ஆளான நான் எவ்வளவு குதித்தாலும் அந்த வில் தட்டையாகப்போவதில்லை. பரம்பரைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விற்றவர் மேல் கோபம் வந்தது என்னவோ உண்மை, ஆனால் என் எடை என்ன என்று அவர் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

புது ஜோடி வாங்கிய பிறகு மெழுகுப் படிப்பு. உறைநிலைக்குக் கீழே சாதாரணக் குளிருக்கு நீலம், பூஜ்யத்தை ஒட்டினால் ஊதா, அதற்கு மேலே போனால் சிவப்பு. பனி உருகி மறுபடி இறுகிக் கண்ணாடியாகிவிட்டால் இவை எதுவும் செல்லாது, 'க்ளிஸ்டர்' என்று குழாயில் வரும் ஒரு பிசின்தான். பலாப்பழம் அரிந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். கையில், கதவுப் பிடியில், கடைசியில் மனைவியின் குளிர்கோட்டில். நம் ஊர் வழக்கப்படி தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். கையில் இருந்தது போனது, கோட்டில் எண்ணெய்க் கறை நின்றுவிட்டது. அதைப் பற்றி வீட்டில் இப்போதும் பேச்சு வரும்.

டிசம்பரில் மதியம் மூன்றே காலுக்கெல்லாம் சூரியன் கிளம்பிவிடும். முதல் வருடம் அந்த இருட்டுதான் என்னை ரொம்பப் படுத்தியது. வேலை முடிந்து வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஊரில் இப்போது மணி என்ன என்று கணக்குப் போடுவேன். இங்கே காட்டுப் பாதைகளில் தெருவிளக்குபோல விளக்கு நட்டிருக்கிறார்கள். இரவில் இயந்திரம் ஓட்டித் தடம் போட்டு வைப்பார்கள், காசு கிடையாது. லில்லோமார்க்கா காடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வாரத்துக்கு மூன்று நாள் வேலை விட்டதும் அங்கே போக ஆரம்பித்த பிறகு, அந்தக் கணக்குப் போடும் பழக்கம் எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

அப்புறம் 'பிர்க்கன்'. முழுப்பெயர் பிர்க்கெபெய்னர்ரென்னெட். ரேனாவில் தொடங்கி மலை தாண்டி லில்லஹாமரில் முடியும் 54 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டம், 1932இல் தொடங்கியது. 1206இல் உள்நாட்டுச் சண்டை நடந்தபோது, ஹோகோன் என்ற குழந்தை இளவரசனை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற இரண்டு வீரர்கள் பனிமலை தாண்டித் தூக்கிப் போனார்களாம். பின்னாளில் அந்தக் குழந்தை ராஜாவாகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆண்டது. அந்த நினைவுக்காக ஓடுகிற ஒவ்வொருவரும் முதுகில் குறைந்தது மூன்றரைக் கிலோ பை சுமக்க வேண்டும், முடிக்கும்போதும் அந்த எடை இருக்க வேண்டும். குழந்தை எடையாம். ஒன்றரை வயதுப் பிள்ளை மூன்றரைக் கிலோவா என்று அம்மா போனில் கேட்டார். நியாயமான கேள்வி.

2020க்குப் பதிவு செய்தேன், கொரோனாவில் ரத்தானது. பிறகு ஒரு வழியாக இடம் கிடைத்தபோது பையில் காற்றுக்கோட்டு, மாற்று உடை, கையுறை எல்லாம் போட்டும் எடை இரண்டு கிலோவைத் தாண்டவில்லை. மிச்சத்துக்கு என்ன போடுவது? சமையலறையில் பொன்னி அரிசி இருந்தது. ஒன்றரைக் கிலோவும் கொஞ்சம் கூடுதலும் இரட்டை உறையில் கட்டி அடியில் வைத்தேன்.

காலையில் ரேனாவில் மைனஸ் எட்டு. நீல மெழுகு. தொடங்கியதிலிருந்தே ஏற்றம்தான், கிலோமீட்டர் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். என் பழைய ஓட்டக்கால் அங்கே கைகொடுத்தது, பத்துப் பதினைந்து பேரைத் தாண்டினேன், நம்புங்கள், பெரியவர்களை. க்வார்ஸ்டாடில் வாழைப்பழமும் சூடான பானமும். அதற்குப் பிறகு மரமில்லாத வெட்டவெளி, கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், காற்று பக்கவாட்டில் அறைகிறது. கோல் பிடித்த விரல்கள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஷுஷோவனில் பனியில் குழி வெட்டி, தீ மூட்டி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாசேஜ் சுட்டுக்கொண்டே "ஹெய்யா, ஹெய்யா" என்று கத்துகிறார்கள். சட்டையில் இருந்த என் பெயரை ஒரு பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்துக் கத்த முயன்றார். பாதியில் கைவிட்டுவிட்டு, "ஹெய்யா, நீ!" என்றார்.

அங்கிருந்து இறக்கம். எல்லோருக்கும் அது ஓய்வு, எனக்கு அதுதான் பரீட்சை. பத்து வயதுக்கு மேல் ஸ்கீ பழகுகிறவனுக்கு இறக்கத்தில் வரும் பயம் கடைசிவரை போகாது என்று நினைக்கிறேன். மூன்று முறை விழுந்தேன், ஒருமுறை முதுகுப்பை மேலேயே. 6 மணி 40 நிமிடம். முதலில் வந்தவர்கள் குளித்து, சாப்பிட்டு, வீட்டுக்கே போயிருப்பார்கள்.

முடிவுக்கோட்டுக்கு அப்பால் பையைத் தராசில் வைத்தார்கள். 3.7. எடை பார்த்த பையன் உள்ளே என்ன என்று கேட்டான். அரிசி என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, நல்ல யோசனை என்று தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி உறையைப் பிரித்துப் பார்த்தாள். "ஏங்க, பாதி குருணையாகிக் கிடக்கு" என்றாள். நான் விழுந்த கணக்கை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு மேல்மாடி அண்ணையையும் கூப்பிட்டுக் கஞ்சி குடித்தோம், தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய்.