தொட்டித் தண்ணீர் பக்கம்: இரண்டு மாத வேலைக் குறிப்பு

மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அடுப்படியில் இருந்தே ஃபோனில் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் இதற்காகத்தான் ஆரம்பித்தேன். தொட்டி மூடியின் உட்பக்கம் ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், பக்கத்தில் ஒரு டப்பாவுக்குள் வைஃபை உள்ள சின்னக் கணினியான இஎஸ்பி8266 போர்டு. சென்சார் தண்ணீர் வரைக்குமான தூரத்தை அளக்கும். போர்டு அதைச் சதவீதமாக மாற்றி, வீட்டு வைஃபையில் ஒரு வலைப்பக்கமாகக் காட்டும். இந்த வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்ணை எப்படி மாற்றுவது என்பதில்தான் மீதி நாளெல்லாம் போனது.

முதல் வாரம். பக்கத்தின் தலையில் ஒரு மெட்டா ரெஃப்ரெஷ் வரி போட்டேன். 10 விநாடிக்கு ஒருமுறை பக்கம் முழுக்கத் தானாகத் திரும்ப ஏறும். எண்ணைப் பார்க்க மட்டும் என்றால் போதும். ஆனால் கீழே மோட்டார் குறிப்பு எழுத ஒரு பெட்டியும் வைத்திருந்தேன். அம்மா அதில் "கலங்கலா வருது" என்று எழுத ஆரம்பித்தால், பாதி வார்த்தையில் திரை வெள்ளையாகி, கீபோர்டு உள்ளே போய்விடும். "என்னடா, எழுத எழுதப் பிடுங்கிக்குது" என்றார். சரியான வார்த்தை, பிடுங்குவதுதான் அது. மாறியது ஒரே ஓர் எண். அதற்காக 11 கிலோபைட் பக்கத்தை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது சுமார் 80 கிலோபைட் ரேம் மட்டுமே உள்ள ஒரு சின்ன போர்டு.

இரண்டாம் வாரம், பிரவுசருக்குள் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தேன். பழைய பாடம் ஒன்றில் எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்று நீளமான பெயரோடு, பக்கத்தைத் திரும்ப ஏற்றாமலே தகவலை மட்டும் வாங்க ஒரு வழி இருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் மின்னஞ்சலை பிரவுசரில் காட்டுவதற்காக உருவாக்கிய வசதி அது. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5உடன் வந்தது. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் அந்த வழியில் ஓடிய பிறகுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற வடிவமைப்பாளர் அதற்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்ததும் 2005 பிப்ரவரியில்தான். அதே வேலைக்கு 2015இல் பிரவுசர்களுக்கு வந்த ஃபெட்சை நான் எடுத்துக்கொண்டேன், எழுதுவது சுருக்கம். போர்டு இப்போது தனி முகவரி ஒன்றில் சதவீதத்தையும் அளந்த நேரத்தையும் மட்டும் ஜேசன் என்ற சுருக்கமான தகவல் வடிவில் தருகிறது. மொத்தம் 40 பைட்டுக்குள்.

ஆனாலும் பெட்டி அழிந்தது! காரணம் கண்டுபிடிக்க ஓர் இரவு ஆனது. பக்கம் திரும்ப ஏறவில்லைதான். ஆனால் புதிய தகவல் வந்ததும் பெட்டியோடு சேர்த்து மொத்தப் பகுதியையும் இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பிரவுசரைப் பொறுத்தவரை பழைய பெட்டி போய்விட்டது, அதே இடத்தில் வேறொரு பெட்டி வந்து நிற்கிறது. கர்சரும் எழுதியதும் பழையதோடு போயின. இப்போது எண் இருக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் டெக்ஸ்ட்கன்டென்ட் வைத்து மாற்றுகிறேன். புதுக் குறிப்பு வந்தால் பட்டியலின் தலையில் ஒரு வரி சேர்கிறது, மற்ற வரிகளைத் தொடுவதில்லை. டெக்ஸ்ட்கன்டென்ட்டால் இன்னொரு நன்மையும் உண்டு, எதைக் கொடுத்தாலும் வெறும் எழுத்தாகவே காட்டும். முன்பு இன்னர்ஹெச்டிஎம்எல் இருந்தபோது யாரோ குறிப்பில் ‘சிறியது’ (<) குறியை ஒட்டி ஆங்கில எழுத்தைத் தட்டியதால், அதற்குப் பிறகு எழுதியது காணாமல் போயிருந்தது. பிரவுசர் அதைப் பக்கத்தை அமைக்கும் குறியான டேக் என்று நினைத்துக்கொண்டது. அதே ஓட்டை வழியாக ஒரு படம் ஏறாதபோது வரும் பிழை நிகழ்வில் கட்டளை எழுதி ஓட வைக்கவும் முடியும். வீட்டுக்குள் ஓடும் பக்கம்தானே என்று நான் அதை விட்டுவைக்கவில்லை.

ஜூலை நடுவில் எண் முன்னும் பின்னுமாகக் குதித்தது. 71, 74, அப்புறம் 72. மோட்டார் ஓடும்போது மட்டம் எப்படிக் குறையும்? அடுப்படியில் வைஃபை பலவீனம், ஒரு பதில் வரவே சில சமயம் 15 விநாடி ஆகிறது. நானோ செட்இன்டர்வெல் வைத்து 10 விநாடிக்கு ஒரு கேள்வி அனுப்பிக்கொண்டிருந்தேன். முன்னால் கேட்டதற்குப் பதில் பின்னால் வந்து சேர்ந்து புதிய எண்ணின் மேல் உட்கார்ந்தது. இப்போது ஒரு பதில் வந்து முடிந்த பிறகுதான் அடுத்த கேள்விக்கு செட்டைம்அவுட். 8 விநாடியில் பதில் இல்லையென்றால் அபார்ட்கன்ட்ரோலர் வைத்து அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிடுகிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் நடந்ததுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. காலையில் மோட்டார் போட்டாயிற்று, திரையில் 83 சதவீதம். அம்மா அதைப் பார்த்துவிட்டு இன்னும் நேரம் இருக்கிறது என்று இருந்துவிட்டார். தொட்டி நிரம்பி அரை மணி நேரம் பக்கத்து வீட்டுச் சுவரில் வழிந்திருக்கிறது. சென்சார் வயர் கழன்று போர்டு 500 என்ற பிழை எண்ணோடு பதில் தந்துகொண்டிருந்தது. ஃபெட்ச் 500 வந்தாலும் தோல்வி என்று சொல்லாது. இணைப்பே கிடைக்காவிட்டால்தான் சொல்லும். ஓகே என்ற பண்பை நாமே பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டதால், பிழைப் பதிலில் எண் இல்லை என்று என் நிரல் பேசாமல் பழைய எண்ணையே விட்டுவைத்தது. முழுப் பக்கமும் திரும்ப ஏறும் பழைய முறையாக இருந்தால் பிழைப் பக்கம் வந்து நின்றிருக்கும், அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பகுதியை மட்டும் மாற்றும் பக்கத்தில், மாறாத எண்ணும் புது எண் போலவே தெரிகிறது. அதுவும் மோட்டார் ஓடும்போது.

அதனால் எண்ணுக்குக் கீழே "அளந்து 6 விநாடி ஆகிறது" என்று ஒரு வரி சேர்த்தேன். அது ஃபோனிலேயே விநாடிக்கு விநாடி ஓடும், போர்டைக் கேட்காது. 60 விநாடி தாண்டினால் எண் மறைந்து "தெரியவில்லை, மேலே போய்ப் பார்க்கவும்" என்று சிவப்பில் வரும். ஃபோனைப் பூட்டித் திறந்தால் டைமர்கள் உறங்கிக் கிடக்கும், ஆகவே பக்கம் கண்ணுக்குத் தெரிந்த உடனே விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வில் ஒரு கேள்வி போகிறது.

பெரியப்பாவுக்குப் பார்வை குறைவு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துத்தான் ஃபோன் பார்ப்பார். திரையில் எண் மாறினால் அவருக்குத் தெரியாது. ஏரியா லைவ் (aria-live) என்ற பண்பை போலைட் என்று வைத்தால் அவர் கேட்டுக்கொண்டிருப்பது முடிந்த பிறகு வாசிக்கும். முதலில் எண்ணுக்கே அதை வைத்தேன், 10 விநாடிக்கு ஒருமுறை வாசித்து அவரைப் படுத்திவிட்டது. இப்போது தனி வரி ஒன்றுக்கு வைத்து, 10 சதவீதம் கடக்கும்போது மட்டும் அதில் எழுதுகிறேன்.

இந்த வாரம் ஈவென்ட்சோர்ஸ் பார்க்கிறேன். கேள்வி கேட்காமலே, மட்டம் மாறும்போது போர்டே ஒரு வரி அனுப்பும். இணைப்பு அறுந்தால் பிரவுசர் தானாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டு ஃபோன்கள் வரை நன்றாக ஓடுகிறது. மூன்றாவதைத் திறந்தால் போர்டு தடுமாறுகிறது, திறந்தே கிடக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் நினைவகம் வேண்டுமே. வீட்டில் ஃபோன்கள் நான்கு. நான்கையும் போர்டு தாங்கும் வரை பழைய செட்டைம்அவுட்டே ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன்.