அம்மா பார்த்த வேலை

தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரப் பிரிவில் வேலை என்றால் நகைக்கடை, புடவைக்கடை, தீபாவளி மலிவு விற்பனை என்றுதான் பலரும் நினைப்பார்கள். கோலாலம்பூரில் என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி மரண அறிவிப்பும் நினைவஞ்சலியும்தான். சாயங்காலம்தான் ஆட்கள் வருவார்கள். காலையில் உயிர் பிரிந்திருந்தால் மருத்துவமனை, போலீஸ், செராஸ் மின்சுடலையில் நேரம் வாங்குவது என்று பிள்ளைகள் ஓடி முடித்து, கொஞ்சம் உட்காரும்போதுதான் யாராவது "பேப்பருக்குக் கொடுக்கணுமே" என்று ஞாபகப்படுத்துவார்கள்.

இந்த வேலையில் இருந்து இருந்து எனக்கு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. இறந்தவர் அப்பா என்றால் அவர் பார்த்த வேலை கேட்காமலேயே தாளில் இருக்கும். முன்னாள் ரயில்வே ஊழியர், ஓய்வு பெற்ற பொதுப்பணி இலாகா லாரி ஓட்டுநர், ஆலய நிர்வாகத்தின் முன்னாள் செயலாளர் என்று பெயருக்குக் கீழே ஒரு வரியாவது வந்துவிடும். இறந்தவர் அம்மா என்றால் அன்பு மனைவி, பாசமிகு தாய், குடும்ப விளக்கு, அவ்வளவுதான். எண்பது தொண்ணூறு வயது வாழ்ந்தவருக்கும் அதே மூன்று சொல்தான். அந்தச் சொற்கள் பொய் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லும்போது பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் என் முன்னால் உடைந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அன்பை அவர் எப்படிக் காட்டினார், காலையில் எழுந்ததும் எங்கே போனார், எதைச் செய்து அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார் என்பது எதிலும் இல்லை.

அதனால் நான் கேட்க ஆரம்பித்தேன். "அம்மா என்ன வேலை பார்த்தாங்க?"

பெரும்பாலும் முதலில் வரும் பதில், "அம்மா வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்டுலதான் இருந்தாங்க." நான் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் படத்தைச் சரிசெய்துகொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே, "முன்னாடி தோட்டத்துல இருந்தப்போ பால் மரம் வெட்டினாங்க" என்பார்கள். அந்த 'முன்னாடி'யை விசாரித்தால் இருபது, முப்பது வருடம் என்று வரும்.

பால் மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது, என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்ல வேண்டியிருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள், தங்களுக்கு ஒதுக்கிய மர வரிசைக்குள், நுழைவார்கள். ஒருவருக்கு நானூறு ஐநூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் போன வெட்டில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துக் கூடையில் போட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவி, பால் வடியும் கிண்ணமான மங்கைச் சரியாக வைத்து, அப்புறம் அடுத்த மரம். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு. எல்லா மரத்தையும் முடித்துவிட்டு மறுபடி முதல் மரத்திலிருந்து பாலை எடுத்து, வாளிகளைக் காண்டா என்னும் காவடிக் கழியில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். கைப்பிள்ளை இருந்தால் அதை இருட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் இத்தனையும். வீட்டுக்கு வந்த பிறகு விறகு, தண்ணீர், சமையல். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் யாரும் அதை வேலையாகவே கணக்கில் எடுத்ததில்லை.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய அண்ணன், அவருடைய தங்கை, கூடவே அண்ணனின் மகன். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. காஜாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர், அந்தத் தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறி ரொம்ப காலம் ஆகிவிட்டது. அண்ணன் எல்லாவற்றையும் அழகாக எழுதிக் கொண்டுவந்திருந்தார்: மகன்கள், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள், உற்றார் உறவினர். நான் வழக்கம்போலக் கேட்டேன். அவர், "அதெல்லாம் வேணாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, "பேத்தியைக் கொடுத்த இடம் பெரிய இடம், அவங்களும் பேப்பர் பார்ப்பாங்க" என்றார். அதை அவர் வெட்கத்தோடு சொல்லவில்லை, கவலையோடு சொன்னார். ஏழையாக இருந்ததற்காக யார் யாரிடமோ பேச்சு வாங்கி வளர்ந்த ஒரு தலைமுறையின் கவலை அது, எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

தங்கைதான் பேசினார். "ஏண்ணே வேணாம்? அவங்க கை என்னைக்காவது நேரா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, தன் வலது கையை என் மேசைமேல் வைத்து, கத்தியைப் பிடித்ததுபோல விரல்களை மடக்கிக் காட்டினார். அம்மாவுக்குக் கடைசிவரை அந்தச் சுட்டுவிரலும் நடுவிரலும் முழுதாக நீளவே இல்லையாம், சோற்றைப் பிசையும்போதும் அப்படித்தான், பிள்ளைக்குப் பொட்டு வைக்கும்போதும் அப்படித்தான். ரப்பர் விலை விழுந்து தோட்டம் செம்பனைக்கு மாறியபோது, முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு களைக்கு மருந்து அடிக்கப் போனார், நகம் கறுத்து உதிர்ந்தது, மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுநாளும் போனார். களைக்கொல்லியான பாரகுவாட்டை நம் நாட்டில் முழுதாகத் தடை செய்தது 2020 ஜனவரியில்தான். அந்த மாதிரி மருந்தைக் கையுறைகூட இல்லாமல் அடித்த பெண்கள் எத்தனையோ பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இதெல்லாம் போக, அப்பா பக்கவாதத்தில் விழுந்து படுக்கையில் இருந்த அத்தனை வருடமும் அவரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஒரு புண்கூட வராமல் பார்த்துக்கொண்டதும் அந்த மடங்கிய விரல்கள்தான்.

அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்கி, "அப்பா, பாட்டி மரம் வெட்டினாங்களா?" என்று கேட்டான். நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிற பையன். பாட்டி கையால் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கை ஏன் அப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். எந்த நிரை, எந்த மண்டோர், பள்ளி விடுமுறையில் தான் எப்படி மங்கு துடைக்கப் போனார், அம்மா தன் பங்கு ரொட்டியை எப்படி ஒளித்துவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார், கூட்டுச் சீட்டுப் பணத்தை எடுத்துத் தன்னை எப்படிப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பினார் என்று நிறுத்தாமல் சொன்னார். பக்கம் கட்ட நேரமாகிறது என்று உள்ளேயிருந்து ஆள் வந்து நின்றார், நான் கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். கடைசியில் அவரே, "எழுதிக்கோங்க தங்கச்சி" என்று ஒரு வரி சொன்னார்: 'தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர்.' அதற்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் அதில் அவர்கள் இருந்த பிரிவான டிவிஷனையும் போடச் சொன்னது தங்கை.

படத்துக்கு அடையாள அட்டைதான் இருந்தது. பழைய அம்மாக்கள் பலருக்கு அதுவும் கல்யாண வீட்டுக் கூட்டப் படமும் தவிர வேறு எதுவும் இருக்காது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது இந்தத் தொழிலில் கற்றது. அந்தக் காலத்துப் பெண்களுக்கு அடையாள அட்டையில் இருக்கும் பெயர் ஒன்று, லயத்தில் கூப்பிட்ட பெயர் வேறு. அட்டைப் பெயரை மட்டும் போட்டால் ஐம்பது வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவருக்குக்கூட யார் இறந்தது என்று தெரியாது. அழைத்த பெயரும் தோட்டமும் இருந்தால்தான் ஆட்களைப் போய்ச் சேரும். தோட்டங்களும் இன்று இல்லை. புத்ராஜெயா 1990களின் நடுவில் எழும்பத் தொடங்கும்வரை அங்கே பெராங் பெசார் போன்ற தோட்டங்கள்தான் இருந்தன, அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் பக்கம் அடுக்குமாடிக்குப் போனார்கள். இப்படிச் சிலாங்கூர் முழுக்கச் சிதறியவர்களுக்கு ஒருவர் செய்தி ஒருவருக்குப் போக வழி குறைந்துகொண்டே வருகிறது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழும் 2019 பிப்ரவரியில் நின்றுவிட்டது. இப்போது பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படம் போட்டு அனுப்பிவிடுகிறார்கள், சரிதான், அது பிள்ளைகளின் நண்பர்களுக்குப் போகிறது. அம்மாவோடு மரம் வெட்டியவருக்குப் போவதில்லை. அவர் இன்னமும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேப்பரைத்தான் பார்க்கிறார்.

விளம்பரம் வந்த அன்று காலையிலேயே அலுவலகத்துக்கு போன் வந்தது. ரவாங்கிலிருந்து ஒரு வயதான அம்மா, "அந்த டிவிஷன்ல நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரைம்மா" என்றார். பத்து மணிக்குள் செமினியிலிருந்து ஒருவர், கிள்ளானிலிருந்து ஒருவர். குடும்பத்தின் நம்பரை நாங்கள் கொடுக்கக்கூடாது, அதனால் அவர்கள் நம்பரை எழுதி வாங்கித் தங்கைக்கு அனுப்பினேன். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்களாம், பாதிப் பேர் ஊன்றுகோலோடு. அந்தப் பேரப்பையன் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து பாட்டியைப் பற்றிக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்தானாம், தங்கை போன் பண்ணிச் சொன்னார்.