டர்போவுக்கு முன்னும் பின்னும்: என் சில்வராடோவின் ஆக்சிஜன் சென்சார்கள்

வண்டி 2004 சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8, எல்எம்7 எஞ்சின். போன குளிர்காலத்தில் இதில் ஒற்றை டர்போ பொருத்தினேன், எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி. 7 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம். முதல் நாளே நன்றாக ஓடியது. ஆனால் உள்ளே என்ன எரிகிறது என்று தைரியமாகச் சொல்ல எனக்கு மேலும் நான்கு வார இறுதிகள் தேவைப்பட்டன. நான்கும் ஆக்சிஜன் சென்சாரோடு போனவை.

கம்பெனி அமைப்பில் இந்த வண்டிக்கு நான்கு சென்சார். வினையூக்கிப் பெட்டிக்கு முன் இரண்டு, பின் இரண்டு. எல்லாமே நேரோபேண்ட், அதாவது குறுகிய எல்லை வகை. 0.1 வோல்ட் காட்டினால் லீன் (பெட்ரோல் குறைவு), 0.9 காட்டினால் ரிச் (பெட்ரோல் அதிகம்), நடுவில் 0.45 சுற்றி ஒரு தாவல். சரியான கலவைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று சொல்லாது. சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். பூஸ்டில் போதவே போதாது. அங்கே எனக்கு லாம்டா 0.80 வேண்டும் (லாம்டா 1.00 என்றால் சரியான கலவை, குறைந்தால் ரிச், கூடினால் லீன்). அதை 0.90-இலிருந்து பிரித்துக் காட்ட வைட்பேண்ட், அதாவது அகன்ற எல்லை சென்சார் வேண்டும். பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரும் ஏஇஎம் மீட்டரும் வாங்கினேன்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. டர்போவுக்கு முன்னால் வைத்தால் இரண்டு சிக்கல். ஒன்று, சூடு. இன்னொன்று, அழுத்தம். வைட்பேண்ட் சென்சார் அளப்பது எக்ஸாஸ்ட் வாயுவின் பகுதி அழுத்தத்தை. டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் ஏறும்போது ரிச்சான கலவையை இன்னும் ரிச்சாகவும், லீனானதை இன்னும் லீனாகவும் காட்டும். பூஸ்டில் நாம் எப்போதும் ரிச் பக்கம்தான் இருப்போம். மீட்டர் 'ரிச் அதிகம்' என்கிறது, நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறோம், உண்மையில் பிஸ்டன் லீனில் வேகிறது. அதனால் வைட்பேண்ட் டர்போவுக்குப் பின்னால், டர்பைன் வாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி.

குழாயின் குறுக்குவெட்டைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், சென்சார் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் நிற்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குழாயில் தண்ணீர் துளிர்க்கும். சென்சாருக்குள் இருக்கும் பீங்கான் 780 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகி வேலை செய்வது. அதன்மேல் ஒரு சொட்டு பட்டால் விரிசல்தான். நான் 1 மணியில் மரை வளையம் வைத்து வெல்டிங் செய்தேன்.

முன்பக்க நேரோபேண்ட் இரண்டையும் டர்போவுக்கு முன்னாலேயே விட்டேன், ஒரு பக்க சிலிண்டர் வரிசைக்கு ஒன்று. அவை தாவும் புள்ளியை அழுத்தம் அவ்வளவாக நகர்த்துவதில்லை. சூட்டில் ஆயுள் குறையும், அதை ஏற்றுக்கொண்டேன். டர்போவுக்குப் பின்னால் எட்டு சிலிண்டரின் புகையும் கலந்துவிடுகிறது. வைட்பேண்ட் காட்டுவது சராசரி மட்டும். ஒரு பக்கம் லீன், மறுபக்கம் ரிச் என்றால் நடுவில் அழகான ஓர் எண் வரும், நாமும் நிம்மதியாக இருப்போம். பக்க வித்தியாசத்தைச் சொல்ல அந்த இரண்டு பழைய சென்சார்கள்தான் இருக்கின்றன.

இதன் பலன் இரண்டாவது வார இறுதியிலேயே தெரிந்தது. ஐட்லிங்கில் வைட்பேண்ட் லாம்டா 1.08 காட்டியது. லீன் என்று பயந்து, எஞ்சின் கணினியின் எரிபொருள் அட்டவணையில் அந்தக் கட்டங்களை ஏற்றப் போனேன். அதற்கு முன் லாப்டாப்பில் பதிவான எண்களை, அதாவது லாக்கைப் பார்த்தேன். நேரோபேண்டை வைத்துக் கணினி பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம் இரண்டு பக்கமும் 3 சதவீதத்துக்குள். டர்போவுக்கு முன்னால் கலவை சரி, பின்னால் லீன். நடுவில் காற்று எப்படி வந்தது? லோடு கொடுத்தால் மீட்டர் ஒழுங்காகிவிடுகிறது என்பதும் அதே லாக்கில் இருந்தது. வேக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தை எக்ஸாஸ்ட் முனையில் துணி சுற்றி அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்தேன். டர்பைன் வாயில் இருக்கும் வி-பேண்ட் (வளையக் கவ்வி) இணைப்பில் நுரை பொங்கியது. என் வெல்டிங் சூட்டில் அந்த இணைப்பின் விளிம்பு, ஃபிளாஞ்ச், லேசாக வளைந்திருக்கிறது. ஐட்லிங்கில் புகை விட்டுவிட்டு வரும்போது, இரண்டு துடிப்புக்கு நடுவில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. லோடில் அழுத்தம் வெளிப்பக்கமே தள்ளுவதால் தெரியவில்லை. எமரி தாளைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்து ஃபிளாஞ்சைத் தேய்த்து மாட்டினேன். இப்போது ஐட்லிங் 1.00, 1.01.

அப்புறம் வந்ததுதான் கஷ்டமானது. முழு ஆக்சிலரேட்டரில், 4500 சுற்றைத் தாண்டியதும் லாம்டா 0.80-இலிருந்து 0.90-க்கும் மேலே பல் பல்லாகக் குதித்தது. பெட்ரோல் பம்ப் திணறுகிறதோ என்று பிரஷர் பார்த்தேன், அசையவில்லை. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்திலும் இடம் இருந்தது. கொஞ்சம் பெட்ரோல் ஏற்றிப் பார்த்தேன், குதிப்பு அதிகமானது. அங்கேதான் எனக்குப் புரிந்தது. இந்தச் சென்சார் எரியாத பெட்ரோலைச் சரியாகப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. ஒரு சிலிண்டர் பற்றாமல் மிஸ்ஸிங் ஆனால் எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியே வரும். சென்சார் அந்த ஆக்சிஜனை எண்ணி லீன் என்கிறது. பூஸ்டில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாவ முடியாமல் அணைகிறது. ஸ்பார்க் பிளக்கின் முனை இடைவெளி 1 மில்லிமீட்டரில் இருந்தது. 0.7-க்குக் குறைத்தேன். கோடு நேராகிவிட்டது, 0.79, 0.80. ஏற்றிய பெட்ரோலையும் திரும்ப எடுத்துவிட்டேன்.

மூன்றாவது விஷயம் சின்னது, ஆனால் பலருக்கு நடக்கக்கூடியது. காற்று-பெட்ரோல் விகிதம் மீட்டர் முகத்தில் 11.8, லாப்டாப் லாக்கில் 12.2. ஏஇஎம்மின் அனலாக் வெளியீட்டில் வோல்ட்டை 2.375-ஆல் பெருக்கி 7.3125 கூட்டினால் விகிதம் வரும். அப்படியென்றால் 0.1 வோல்ட் பிசகினாலே கிட்டத்தட்ட கால் புள்ளி நகர்ந்துவிடும். மீட்டரின் எர்த்தை டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு போல்ட்டில் கொடுத்திருந்தேன். எஞ்சின் கணினியின் எர்த் இருக்கும் இடத்துக்கே மாற்றியதும் இரண்டும் ஒன்றாகின.

எண்களை இப்போது லாம்டாவிலேயே வாசிக்கிறேன். இங்கே அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். அதன் சரிவிகிதம், அதாவது சரியான கலவைக்கான காற்று-பெட்ரோல் விகிதம், 14.7 அல்ல, 14.1. மீட்டரோ 14.7-ஐ வைத்துத்தான் பெருக்கிக் காட்டும். லாம்டா 0.80 என்பது எந்தப் பெட்ரோலுக்கும் 0.80-தான்.

தினமும் ஒரு சோதனை செய்கிறேன். இறக்கத்தில் கியரில் காலை எடுத்தால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். அப்போது குழாயில் வெறும் காற்றுதான். மீட்டர் உடனே லீன் கடைசிக்குப் போய் ஒட்ட வேண்டும். சோம்பலாக ஏறினால் சென்சார் புகை படிந்து சாகிறது என்று அர்த்தம். அதனாலேயே, சென்சார் குழாயில் இருக்கும்போது அதன் கரண்டைத் துண்டித்துவிட்டு வண்டி ஓட்டுவதே இல்லை. ஹீட்டர் இல்லாமல் புகையில் இருந்தால் கரி பிடித்துவிடும்.

பாக்கி ஒன்று இருக்கிறது. பயணிகள் பக்க வரிசையின் திருத்தம், ஓட்டுநர் பக்கத்தைவிட நிலையாக 4 சதவீதம் மேலே நிற்கிறது. வைட்பேண்டில் இது தெரியவே தெரியாது. அந்தப் பக்கச் சென்சாருக்கு முன்னால் கசிவு இல்லை, பார்த்துவிட்டேன். வரும் சனிக்கிழமை முதலில் இரண்டு நேரோபேண்டையும் பக்கம் மாற்றி மாட்டப் போகிறேன். அந்த 4 சதவீதம் சென்சாரோடு போனால் சென்சார் கிழடு. போகாவிட்டால் இன்ஜெக்டர்களை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.